நாலுக்கு ஒரு மூச்சு

எஸ்யுவி வைத்திருப்பவனுக்கு எதற்கு எக்ஸோஸ் ஆசை? என்னிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. வீரா, வாஜா, சிவிக் என்று தரையை ஒட்டி ஓடும் கார்கள் என்றால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். பின் சீட்டில் அம்மாவும் அக்கா மகளும், பூட்டில் அரிசி மூட்டையும் அர்ச்சனைத் தட்டும் ஏற்றிப்போகிற உயரமான குடும்ப வண்டிக்கு அது பொருந்தாத அலங்காரம் என்பது பொதுத் தீர்ப்பு. "வேலைக்குப் போயி நாலு காசு பாத்ததும் திமிரு வந்துடுச்சி" என்று ஒரு மாமா என் காதுபடவே சொன்னார்.

மாமாவுக்குப் பதில் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஒருவன் ஒரு சத்தத்தைக் காசு கொடுத்து ஏன் வாங்குகிறான் என்பது நல்ல கேள்விதான். மாதச் சம்பளத்தில் கார் லோன், வீட்டு வாடகை, பிடிபிடிஎன் கடன் எல்லாம் போக மிஞ்சுவதை ஒரு இரும்புக் குழாய்க்குள் போடுகிறவனுக்கு அதற்கான காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

என்னுடையது 2011 சுபாரு ஃபோரெஸ்டர் எக்ஸ்டி. 2.5 லிட்டர் டர்போ, நான்கு சக்கரத்துக்கும் சக்தி, பழைய பாணி நான்கு கியர் ஆட்டோ. தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஏறக்குறைய 230 குதிரைத்திறன். ஆனால் பார்ப்பதற்குப் பாசாருக்கு மீன் வாங்கப் போகிற அங்கிள் வண்டி மாதிரிதான் இருக்கும். பெட்டி போன்ற உடம்பு, பெரிய கண்ணாடிகள். பானெட்டின் நடுவில் இருக்கும் அந்தக் காற்று வாய் மட்டும் இல்லையென்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்த எஞ்சினின் சத்தத்துக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. அதற்கான காரணம் சுவாரஸ்யமானது என்பதால் கொஞ்சம் கணக்குப் போட அனுமதியுங்கள்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் நான்கு வெடிப்பு நடக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50 சுற்று, 100 வெடிப்பு. அதாவது 100 ஹெர்ட்ஸ். சாகாவானாலும் சிவிக்கானாலும் நான்கு சிலிண்டர் என்றால் இந்தக் கணக்கு மாறாது. சீரான இடைவெளியில் சீரான வெடிப்பு. அதனால்தான் பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களுக்கு எக்ஸோஸ் மாற்றினாலும் தேனீக் கூட்டத்தை டின்னுக்குள் அடைத்த மாதிரிச் சத்தம் வருகிறது.

சுபாருவின் எஞ்சினில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு என்று படுத்துக் கிடக்கின்றன. குத்துச்சண்டைக்காரர்கள் மாதிரி பிஸ்டன்கள் எதிரும் புதிருமாக அடிப்பதால் பாக்ஸர் என்று பெயர். வெடிப்பு வரிசை 1, 3, 2, 4. இதில் 1, 3 வலப்பக்கம். 2, 4 இடப்பக்கம். ஆக வலது, வலது, இடது, இடது என்று வெடிக்கிறது. டர்போ உட்கார்ந்திருப்பது எஞ்சினின் வலப்பக்கம். இடப்பக்கத்துப் புகை எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போகும் குழாய் வழியாக நீண்ட தூரம் நடந்து வந்து சேர வேண்டும். வெடிப்புகள் சீராகப் புறப்பட்டாலும் சீராக வந்து சேர்வதில்லை. இடப்பக்கத்து இரண்டும் கொஞ்சம் தாமதமாக வருகின்றன. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 25, 75 என்று வேறு சுருதிகளும் கலந்துவிடுகின்றன. காதுக்கு அது ஒரு குமுறலாகக் கேட்கிறது. கொதிக்கும் பெரிய அண்டாவின் மூடி ஆடுகிற மாதிரி.

பொறியியல் கண்ணோடு பார்த்தால் இது ஒரு குறை. சம நீளக் குழாய் போட்டால் டர்போவுக்கு இன்னும் ஒழுங்காகக் காற்றுப் போகும். அடுத்த தலைமுறை ஃபோரெஸ்டர் டர்போவில் சுபாருவே எஞ்சினையும் டர்போ இருக்கும் இடத்தையும் மாற்றியது. வண்டி வேகமானது, எண்ணெய் குறைவாகக் குடித்தது, குமுறல் போய்விட்டது. ரசிகர்கள் இன்றுவரை துக்கம் கொண்டாடுகிறார்கள். ஒரு குறை நீங்கியதற்காக இத்தனை பேர் வருந்தும் எஞ்சின் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஈப்போவுக்கு வெளியே ஒரு பட்டறையில் இந்த வேலையைச் செய்தேன். போமேன் ஒரு சீன அங்கிள். தோட்டத்துப் பக்கத்தில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் வரும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"தம்பி, ஒனக்குப் பவர் வேணுமா, சத்தம் வேணுமா?"

இரண்டும் ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். டர்போ வண்டியில் அவை இரண்டும் குழாயின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. பவர் இருப்பது முன்னால், டர்போவின் வாயிலிருந்து இறங்கும் டவுன்பைப்பில். புகையின் வேகமும் சூடும்தான் டர்பைனைச் சுற்றுகின்றன. டர்பைனுக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் இடையே வேறுபாடு எவ்வளவு பெரிதோ, அது அவ்வளவு சீக்கிரம் சுற்றி எழும். பின்னால் ஒடுக்கமான குழாயும் அடர்த்தியான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இருந்தால் அங்கே அழுத்தம் தேங்கும். மூன்று அங்குலக் குழாயும், காற்று எளிதாகப் புகும் 200 செல் கன்வெர்ட்டரும் போட்டால் தேக்கம் குறையும்.

சத்தம் இருப்பது பின்னால், கடைசி மஃப்ளரில். ஒரிஜினல் மஃப்ளர் உள்ளே பல அறைகள் கொண்ட வீடு. ஒலி அலை ஒவ்வொரு சுவரிலும் மோதித் திரும்பி, தன்னைத் தானே அடித்துக்கொண்டு சாகும். அதற்குப் பதிலாகப் போடும் நேர்வழி மஃப்ளரில் துளையிட்ட ஒரே குழாய். சுற்றிலும் கண்ணாடி நார். கூர்மையான சத்தங்களை நார் உறிஞ்சிக்கொள்ளும், கனமான சத்தத்தை விட்டுவிடும். டர்போவே பாதி சைலன்சர் என்பது இன்னொரு வசதி. டர்பைனின் இறக்கைகள் வெடிப்பை நறுக்கி நறுக்கித்தான் வெளியே விடுகின்றன. அதனால் டர்போ இல்லாத வண்டியில் காது கிழிகிற அதே மஃப்ளர் இதில் அடக்கமாகப் பேசும்.

"ரெண்டும் வேணும் அங்கிள். ஆனா நடுவுல இருக்கற ரெசனேட்டர எடுக்காதீங்க."

"நல்லது. எடுத்தா ஒங்க அம்மா பின்னாடி ஒக்கார மாட்டாங்க."

ஒரு எச்சரிக்கையும் சொன்னார். டவுன்பைப் மாற்றிவிட்டு இசியூ மேப்பைத் திருத்தாமல் ஓட்டினால் எஞ்சின் போய்விடும் என்றார். உண்மைதான். காற்றுப் பாதை திறந்ததும் டர்போ தனக்கு விதித்த அளவைத் தாண்டி அழுத்தும். காற்று கூடி, பெட்ரோல் அதற்கேற்ப வராமல் போனால் கலவை தானாக வெடிக்கும். இந்த எஞ்சினில் முதலில் உடைவது பிஸ்டனில் ரிங் உட்காரும் மெல்லிய வரப்பு. ஈப்போவிலும் ஈப்போவுக்கு வெளியிலும் அப்படிப் பிரித்துப் போட்ட எஞ்சின்களை எல்லாப் பட்டறை மூலைகளிலும் பார்க்கலாம். ஆகவே குழாய், மஃப்ளர், டியூனிங் எல்லாம் சேர்த்து 6,000 ரிங்கிட்டைத் தாண்டியது. டைனோவில் சக்கரத்தில் அளந்தபோது முன்பு 162, பின்பு 181. பத்தொன்பது குதிரைக்கு ஆறாயிரம். குதிரைக்கு முந்நூற்றுச் சொச்சம். நிஜக் குதிரைக்கு இந்த விலையில் சேணம்கூட வராது.

வேலை முடிந்த பிறகு ஒரு பிரச்சினை மிஞ்சியது. நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது எஞ்சின் ஏறக்குறைய 2,600இல் சுற்றும். சரியாக அந்த இடத்தில் வண்டிக்குள் ஒரு ரீங்காரம். வெளியே கேட்காது, உள்ளே மண்டைக்குள் இறங்கும். எக்ஸோஸ் மாற்றியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை இது. கேபினின் காற்றும் குழாயின் காற்றும் ஒரே சுருதியில் ஒத்துப்போவதால் வருவது.

நான் படித்தது யுஎஸ்எம்மின் பொறியியல் வளாகத்தில், நிபோங் தெபாலில். நான்கு வருடம் கழித்து வெளியே வந்து தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் செய்வது பெரும்பாலும் எக்செல். அதிர்வியல் பாடத்தில் படித்ததெல்லாம் எதற்கு என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த ரீங்காரம் எனக்கு அதற்குப் பதில் சொன்னது.

2,600 சுற்றில் விநாடிக்கு 86 அல்லது 87 வெடிப்பு. பிரதானக் குழாயிலிருந்து ஒரு பக்கக் கிளை எடுத்து அதன் கடைசியை அடைத்துவிட்டால், அதற்குள் போகும் அலை முட்டித் திரும்பி வரும். கிளையின் நீளம் அலை நீளத்தில் கால் பங்காக இருந்தால், திரும்பி வரும் அலை பிரதான அலைக்கு நேர் எதிராக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். கால் அலைக் குழாய். சூட்டில் ஒலி வேகமாக ஓடும் என்பதால் அறை வெப்பத்தின் 340 இங்கே செல்லாது. அந்தக் கிளைக்குள் 200 டிகிரி என்று வைத்துக்கொண்டேன். விநாடிக்கு ஏறக்குறைய 436 மீட்டர். நான்கால் வகுத்து, அதிர்வெண்ணால் வகுத்தால் 1.26 மீட்டர். ஒரு துண்டுத் தாளில் எழுதி அங்கிளிடம் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யூனிவர்சிட்டியா?" என்று கேட்டார். பிறகு ஒன்றேகால் மீட்டர்க் குழாயை வளைத்து, முனையை அடைத்து, வண்டியின் அடிவயிற்றில் பற்றவைத்தார். ரீங்காரம் காணாமல் போனது. பட்டமளிப்பு விழாவில்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஈப்போவிலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு மெனோரா சுரங்கப்பாதையைத் தெரியும். ஜெலாப்பாங் தாண்டி மலை ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும், சுரங்கத்துக்குள் நுழைந்ததும் எல்லாச் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பி வரும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் என் இனத்தார். அந்தச் சில விநாடிகளை வர்ணிக்க நான் முயலப்போவதில்லை.

சத்தத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. சாலைப் போக்குவரத்துச் சட்டமும் வாகன இரைச்சலுக்கான சுற்றுச்சூழல் விதிகளும் இந்த நாட்டில் 1987ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. ரோட் பிளாக்கில் கைகாட்டி ஓரங்கட்டச் சொல்லும்போது ஓட்டுகிறவனின் முகமும் வயதும் சத்தத்தோடு சேர்ந்தே எடைபோடப்படுகின்றன என்பதை என் வயது இந்தியப் பையன்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐசியைக் கொடுத்துவிட்டு, கம்பெனி டேக் வெளியே தெரிகிற மாதிரித் தொங்கவிடும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று நினைவில்லை.

இரைச்சலை அளக்கும் முறையிலேயே ஒரு வேடிக்கை உண்டு. நின்ற நிலையில் அளக்கும்போது குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மைக்கை வைப்பார்கள். மீட்டர் படிப்பது டெசிபெல் ஏ. அந்த 'ஏ' என்பது மனிதக் காதின் சாய்வைப் போலி செய்யும் ஒரு வடிகட்டி. கனமான சத்தங்களை அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல்லைக் கழிக்கும், 63 ஹெர்ட்ஸில் 26ஐக் கழிக்கும். கீச்சிடும் மோட்டார் சைக்கிளை மீட்டர் முழுதாகக் கேட்கும், குமுறும் வண்டியைப் பாதிதான் கேட்கும். ஆனால் சுவர் வேறு மாதிரி. கூர்மையான சத்தத்தைச் செங்கல் தடுத்துவிடும், கனமான சத்தம் அதைத் தாண்டிப் படுக்கையறைக்குள் வந்துவிடும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா. எங்கள் தாமானில் வரிசை வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர். காலை ஷிஃப்டுக்கு நான் 5.45க்கு வண்டியை எடுப்பேன். குளிர்ந்த எஞ்சின் சூடாகும்வரை வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும். அப்போதுதான் சத்தமும் அதிகம். அவருக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை குவே தட்டோடு வந்தார். குறை சொல்ல வந்தவர் மாதிரியே இல்லை. "டிக், காடி நல்ல காடி" என்று தொடங்கி, அவர்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி காலையில் நடுங்குகிறது என்றார். குழந்தை அழுகிறது என்று அவர் சொல்லவில்லை. நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஷிஃப்ட் நாள்களில் முதல் நாள் இரவே வண்டியைத் தாமான் வாசலில் சாலையோரம், கடைவரிசைப் பக்கம் நிறுத்திவிடுகிறேன். காலையில் முந்நூறு அடி நடக்க வேண்டும். சத்தத்துக்கு நான் கொடுக்கும் மாதத் தவணை இது என்று வைத்துக்கொண்டேன்.

மஃப்ளருக்கு நம் ஆட்கள் சொல்வது சைலன்சர். அந்த வார்த்தையின் பின்னால் ஓர் அப்பாவும் மகனும் இருக்கிறார்கள். ஹைரம் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். தன் துப்பாக்கிகளின் சத்தத்தைப் பல வருடம் பக்கத்தில் நின்று கேட்டதில் அவருடைய காது ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது. அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் துப்பாக்கிக்கான சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே உத்தியைக் கொண்டு எஞ்சின்களுக்கான சைலன்சர்களும் செய்தார். அப்பாவின் காதை மனதில் வைத்துத்தான் மகன் அதைச் செய்தாரா என்பதை நான் ஊகிக்க விரும்பவில்லை. ஆனால் அந்த இரண்டு தகவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் அப்பா கீழ்ப்பேராக்கில் ஒரு செம்பனை ஆலையில் 32 வருடம் வேலை பார்த்தார். 1986இல் சேர்ந்து 2018இல் ஓய்வு பெற்றார். முதலில் கொட்டை உடைக்கும் பிரிவு, பிறகு டர்பைன் அறை. ஆலைக்குள் போயிருப்பவர்களுக்குத் தெரியும். கொட்டை உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றால் வாய் அசைவதைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலை இரைச்சலுக்கான முதல் விதிகள் 1989இல் வந்தன. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் வரை அனுமதித்தன. அதை 85ஆகக் குறைத்த புதிய விதிகள் 2019இல் வந்தன. ஒன்று வரும் முன்பே அப்பா சேர்ந்துவிட்டார், மற்றது வருவதற்குள் வெளியேறிவிட்டார். அவருடைய மொத்த உழைப்பும் பழைய அளவுக்குள்ளேயே முடிந்துவிட்டது.

காதடைப்பான் கொடுத்தார்கள். அப்பா போட மாட்டார். அவர் சொல்லும் காரணத்தை இப்போது தொழிற்சாலையில் பாதுகாப்புப் பயிற்சி எடுக்கும்போது எனக்குச் சொல்லத் தைரியம் வருவதில்லை. "காத அடைச்சிட்டா மெஷினு எப்படிடா பேசும்?" பேரிங் தேய்ந்தால் முதலில் தெரிவது காதில்தான். நீண்ட திருப்புளியின் முனையை பேரிங் உறையில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பார். இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வார். பொறியாளர் மீட்டரைக் கொண்டுவந்து அதையே சொல்ல அரை நாள் ஆகும். அப்பாவுக்கு மேல்சம்பளம் வாங்கித் தந்தது அந்தக் காது. அதைக் கொண்டுதான் அக்காவையும் என்னையும் படிக்க வைத்தார். அதையே அடைத்துவைக்கச் சொன்னால் அவர் எப்படிக் கேட்பார்?

இரைச்சலால் போகும் காது ஒரேயடியாகப் போவதில்லை. 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் முதலில் ஒரு பள்ளம் விழும். பிறகு பள்ளம் அகலும். உட்காதில் இருக்கும் மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. உயிரெழுத்துகள் கீழே இருக்கின்றன, அவை கேட்கும். ச, ஸ, த, க போன்ற மெய்களின் உரசலும் வெடிப்பும் மேலே இருக்கின்றன, அவை போய்விடும். அதனால் அப்பாவுக்குப் பேச்சு கேட்கிறது, வார்த்தை கேட்பதில்லை. "சாப்பிட்டீங்களா" என்பது அவருக்கு வெறும் ஆ, ஈ, ஆ. அக்கா மகளுக்கு ஐந்து வயது. கீச்சுக் குரல். அவள் தாத்தாவிடம் கதை சொல்லும்போது அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். தப்பான இடத்தில் சிரித்தால் அவள் கோபித்துக்கொண்டு எழுந்துபோய்விடுவாள். எதற்காகப் போகிறாள் என்று அவருக்குப் புரியாது.

வண்டிக்கு வேலை முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் அப்பா வாசலில் நின்றிருந்தார். டவுன்பைப் என்றால் என்ன என்று நான் கத்திக் கத்தி விளக்கத் தொடங்கினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டர்பைனுக்குப் பின்னாடி அடைப்ப எடுத்துட்ட. அதானே?"

அதேதான். ஆலையில் கொதிகலனின் நீராவி டர்பைனைச் சுற்றி மின்சாரம் தரும். டர்பைனிலிருந்து வெளியேறும் நீராவியை வீணாக்காமல் ஏறக்குறைய மூன்று பார் அழுத்தத்தில் தேக்கி, பழக்குலைகளை வேகவைக்க அனுப்புவார்கள். தேக்கம் கூடினால் டர்பைன் தளரும், குறைந்தால் பழம் வேகாது. அந்தத் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் அவர் வாழ்நாளின் பாதியைக் கழித்தார். பேக் பிரஷர் என்ற சொல்லை நான் இரண்டாம் ஆண்டில் படித்தேன். அவருக்கு அது வீட்டு அடுப்பு.

"ஒங்க ஆல டர்பைனுக்கு அடைப்பு வேணும், இதுக்கு வேணாம்ப்பா" என்றேன். அவருக்கு அது கேட்டதா தெரியவில்லை. வண்டியின் பின்னால் போய், பூட்டுக் கதவின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார்.

"நாலுக்கு ஒரு தடவ மூச்சு விடுது" என்றார்.

பிறகு என் கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்து அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்த்தேன். 700 சுற்றில் விநாடிக்கு 23 வெடிப்பு. அதற்கும் கீழே, சரியாக நான்கில் ஒரு பங்கில், விநாடிக்கு ஆறுக்குக் கொஞ்சம் குறைவாக ஓர் ஏற்ற இறக்கம். இடப்பக்கம் இரண்டு, உடனே வலப்பக்கம் இரண்டு, பிறகு ஓர் இடைவெளி. நீளம் குறைந்த குழாயும் கூடிய குழாயும் சேர்ந்து செய்கிற அந்தத் தாளத்தை நான் வரைபடமாகப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கையால் எண்ணிவிட்டார்.

அன்றிலிருந்து அப்பா முன் சீட்டில் ஏறினால் ரேடியோவை அணைத்துவிடுகிறேன். பாட்டு அவருக்கு இரைச்சல். எக்ஸோஸின் குமுறல் அவருக்கு இன்னும் முழுசாக, சேதாரமில்லாமல் கேட்கிறது. 25, 75, 100 எல்லாமே பள்ளத்துக்கு வெகு கீழே இருக்கும் சத்தங்கள். கியர் மாறும்போது "ம்" என்பார். மலை ஏறும்போது டாஷ்போர்டில் கை வைத்துக்கொள்வார். வீட்டில் யார் பேசினாலும் இரண்டு தடவை கேட்கிறவர், வண்டிக்குள் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. நாங்கள் அங்கே அதிகம் பேசுவதுமில்லை.

பெர்கேசோவில் தொழில்சார் செவித்திறன் இழப்புக்கு இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. அக்கா போன வருடம் அதற்கான தாள்களைச் சேர்க்கத் தொடங்கினாள். ஆலை இதற்குள் இரண்டு முறை கைமாறிவிட்டது. பழைய செவிப் பரிசோதனைப் பதிவுகள் தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. காதடைப்பான் வழங்கப்பட்டது என்பதற்கான பதிவு மட்டும் பத்திரமாக இருக்கிறதாம். அப்பாவின் கையெழுத்தோடு. அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அவர் கோபப்படவில்லை. "குடுத்தாங்கதான்" என்றார். எந்த வருடம் எந்த இயந்திரம், எத்தனை மணி நேரம் என்று அவரிடம் கேட்டு இப்போது நானே ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். எக்செல்லில்தான். ஒவ்வொரு இயந்திரத்தின் சத்தத்தையும் அவர் வாயால் செய்து காட்டுகிறார். அதற்கு நான் ஒரு கட்டம் தேடுகிறேன்.

நான் வேலை செய்யும் இடத்தில் 85ஐத் தொடும் பகுதிகளில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம். கோட்டைத் தாண்டும்போது காதடைப்பானை மாட்டிக்கொள்கிறேன். ஆபரேட்டர்களில் ஒருவர், அப்பா வயதுக்காரர், எங்களைக் கண்டதும் மாட்டுவார், நாங்கள் திரும்பியதும் கழற்றுவார். அவருக்கு வார்னிங் லெட்டர் கொடுக்கச் சொல்லி ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. அவர் நிற்கும் இயந்திரத்துக்கு அதிர்வு சென்சார் ஒன்று போடுவோம், அவர் காதுக்கு வேலை குறையும் என்றேன். விலை கேட்டார்கள். என் மஃப்ளரைவிடக் குறைவு. இன்னும் ஒப்புதல் வரவில்லை, ஒவ்வொரு மாதமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குச் செவிக்கருவி பொருத்திப் பார்க்கும் நாள். அவருக்குக் கீழ்ச் சத்தங்கள் நன்றாகவே கேட்கின்றன, மேலே போனதை மட்டும் கருவி தூக்கிக் கொடுக்கும் என்று மருத்துவமனையில் வரைபடத்தைக் காட்டி விளக்கினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா வெகுநேரம் கழித்து ஒன்று கேட்டார்.

"அத மாட்டுனா இந்தக் காடி சத்தம் மாறிடுமாடா?"

சிக்னலில் நிறுத்தி, அவர் பக்கம் திரும்பி, வாய் தெரிகிற மாதிரிச் சொன்னேன். "மாறாதுப்பா. இது அப்படியே இருக்கும். பாப்பா பேசறது மட்டும் மேல வரும்."

அவர் "ம்" என்றார். பரிசோதனை காலை எட்டரைக்கு. ஏழரைக்குக் கிளம்பினால் போதும். அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்திருக்கும்.